அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்

“அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், டாக்டர்.” புற்றுநோய் மருத்துவர்கள் நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு, ரிப்போர்ட் கோப்போடு மகனோ மகளோ தனியே உள்ளே வந்து சொல்வார்கள். பாசத்தால் சொல்வதுதான். ஆனால், நோயாளிக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியும். பல வருடங்களாக எட்டிப்பார்க்காத உறவினர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரிசையாக வருவது ஏன் என்றும் புரியும். பிள்ளைகள் மனம் நோகக் கூடாதென்று அவரும் தெரியாதவர்போலவே இருந்துவிடுகிறார். ஒரே வீட்டுக்குள் எல்லோரும் தனித்தனியே அழுகிறார்கள். யாருக்குக் கடன் பாக்கி, எந்தத் தம்பியோடு பேசாமல் இருந்தது உறுத்துகிறது, வீட்டில் கண்மூட விருப்பமா ஆஸ்பத்திரியிலா என எதுவுமே பேசப்படாமல் போகிறது.

லண்டனில் 1967இல் இறுதிக் கட்ட நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரானவர். இறுதிக் கட்ட நோயாளியின் வலியில் உடல், மனம், உறவு, நம்பிக்கை எல்லாம் பின்னிக்கிடக்கின்றன என்று வலியுறுத்தினார். மார்ஃபின் கொடுத்தும் தூங்காத நோயாளியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கல்யாணமாகாத மகளைப் பற்றிய கவலைக்கு மாத்திரை கிடையாது.

மறைக்கக் கூடாது என்பதற்காக, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டு உடைப்பதும் கொடுமை. பயிற்சி பெற்றவர் முதலில் கேட்பார்: “உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?” மேற்கொண்டு தெரிந்துகொள்ள விருப்பமா என்பது அடுத்த கேள்வி. வேண்டாம் என்றால், அதுவும் நோயாளியின் உரிமை. குடும்பத்தாரிடமும் அவர்களுடைய பயம் என்ன என்று கேட்பார். இதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். கதவைச் சாத்திப் பேச ஓர் அறை வேண்டும். பேசியவரே மறுபடியும் வர வேண்டும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் மூன்றுமே அரிது.

கேரளம் மருத்துவமனைக்கு வெளியே வழி தேடியது. எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ்குமார் உள்ளிட்ட மருத்துவர்கள் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) முயற்சி, பின்னர் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களின் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் அரசே இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. தெரிந்த முகம் திண்ணையில் வந்து உட்காரும்போது பேச்சு தானாக வருகிறது.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ஆதரவு சிகிச்சைக்கான செவிலியர் வீட்டுக்கே வருகிறார். இது பெரிய முன்னேற்றம். புண்ணுக்குக் கட்டுப்போடுவதைப் போலவே, கட்டிலருகே அவர் உட்கார்ந்து பேசும் நேரமும் வேலையாகக் கணக்கிடப்பட வேண்டும். அப்படியானால் ஒருவர் பார்க்கும் வீடுகள் குறையும், கூடுதல் ஆள் எடுக்க வேண்டியிருக்கும். செய்தே ஆக வேண்டிய செலவு அது.

கவனித்துக்கொள்பவர் பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள். குடும்பத்தாருக்கான ஆதரவு, நோயாளி மறைந்த பிறகும் தொடர வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகுதான், “கடைசியா தண்ணி கேட்டாரே, நான் குடுக்கலையே” என்று அந்தப் பெண் உருகத் தொடங்குகிறார். கடைசி நாட்களில் விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பதை, ஈரப் பஞ்சால் உதடு நனைத்ததே போதும் என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்லத் தகுதியானவர் அதுவரை வந்துபோன செவிலியர்தான். ஒரு மாதத்துக்குள் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை என அவருடைய பயண அட்டவணையில் இந்த வீடுகளையும் சேர்க்க அரசு உத்தரவிடலாம்.