வாயுள்ள பிள்ளையும் மனிதவள உத்தியோகமும்

மலாக்காவில் அலோர் காஜாவானாலும் ஜாசினானாலும், ஐந்தாம் படிவம் முடித்த ஒரு பிள்ளை, கல்யாண வீட்டுக்கு வந்தவர்களை முகங்கோணாமல் உபசரித்து, கோயில் கூட்டத்தில் கூச்சமின்றி நன்றியுரையும் சொல்லிவிட்டால், "வாயுள்ள பிள்ளை, எச்.ஆர். படிக்க வையுங்கள்" என்று சிபாரிசு செய்ய ஒரு மாமாவோ ஆசிரியரோ தவறாமல் முன்வருகிறார். மனிதவள நிர்வாகத்துக்கு முதல் தகுதி இனிக்கப் பேசிப் பழகும் சாமர்த்தியமே என்னும் இந்த நம்பிக்கை, பெற்றோரிடம் மாத்திரமல்ல, ஆள் எடுக்கும் கம்பெனிகளிடமும் வேரூன்றியிருக்கிறது. பிறர் நம்பினால் போகட்டும். தோட்டத்துச் சரித்திரம் அறிந்த நாமும் இதை நம்புவதுதான் ஆச்சரியம்.

தான் சே யான் என்பவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபின், புக்கிட் அசஹான் முதலாக மலாக்காவின் காடுகள் தோட்டங்களாக மாறிய காலத்தில், மனிதரோடு பழகுவதில் கங்காணியை மிஞ்சியவர் யார்? சொந்த ஊருக்குப் போய் உறவையும் அண்டை அயலையும் அழைத்துவந்து, லயத்தில் குடிவைத்து, அவரவர் பெயர், குலம், கடன் அனைத்தையும் மனப்பாடமாக அறிந்து, நல்லது கெட்டதுக்கு முதலாளாய் நின்றவர் அவர். அவரேதான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் காசு வாங்கியவர். முன்பணம் கொடுத்து ஆளைக் கடனில் கட்டிவைத்தவரும் அவரே. காய்ச்சலில் கிடந்தவனை, "எழுந்திருடா தம்பி, ஒரு வெட்டு வெட்டிவிட்டு வந்து படு" என்று பரிவோடு எழுப்பிய அந்தக் குரலில் பாசம் எவ்வளவு, தலைக்காசு எவ்வளவு என்பதை எழுந்தவனால் எப்படிப் பிரித்தறிய முடியும்? இந்திய அரசாங்கம் 1938-இல் உதவி பெற்றுக் கப்பலேறும் தொழிலாளரைத் தடுத்தபோதுதான் அந்த ஆள்சேர்ப்பு நின்றது.

கங்காணிக்கு மேலிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் தமிழ் படித்தார்கள். பெரும்பாலும் ஏவல் வினை அளவுக்கு. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் ஒன்று. அன்றாடம் அதே பாதையில் எதிர்ப்பட்டு, அதே பாஷையில் பேசியவர்களுக்கு, அவ்வளவு நாள் அந்த மனப்புண் தெரியவில்லை.

இனி இன்றைய ஆயர் குரோவுக்கோ பத்து பிரண்டாமுக்கோ வருவோம். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்கும் ஒரு பெண்மணி, அனுமதியின்றி இடத்தைவிட்டு அகன்றாள் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் ஆங்கிலத்தில். நம் வாயுள்ள பிள்ளை, இப்போது அதிகாரி, "அக்கா, பயப்படாதீங்க, ஒரு கையெழுத்துதானே, நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். அவள் போட்ட கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்ட சாசனமாகிவிடுகிறது. வேலை போனபிறகும் "பார்த்துக்கிறேன்" தொடர்கிறது. 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் முறையிடக் கொடுத்த 60 நாளும் அந்த இனிமையிலேயே கரைந்துபோகிறது. இவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேனேஜரையும் அக்காவையும் ஒருசேரத் திருப்தி செய்யப் பார்ப்பவர், அவ்வளவே.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் விசாரணைக்குப் பிறகே தண்டனை என்கிறது. விசாரணைக்காக நிறுத்திவைப்பதானால் இரண்டு வாரத்துக்கு மேற்படாமல், குறைந்தது அரைச் சம்பளத்தோடு என்றும், குற்றமில்லையென்று கண்டால் பிடித்ததைத் திருப்பிக் கொடு என்றும் விதிக்கிறது. இதை நிறைவேற்ற வேண்டிய மனிதப் பழக்கம் வேறு வகையானது. குற்றச்சாட்டை அவளுக்குப் புரியும் பாஷையில் சொல்லி, "ஏன் போனாய்?" என்று கேட்டபின், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும், கழிவறைக்குப் போனதைச் சொல்ல நாணி அவள் தரையைப் பார்க்கும் அந்த மௌனத்தைக் குற்ற ஒப்புதலாக எழுதிவிடக் கூடாது, சொன்னதைச் சொன்னபடி எழுதி, படித்துக்காட்டி, பிறகு மேனேஜரிடம் போய், "ஐயா, இது நிற்காது" என்று சொல்லவேண்டும். கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் வாய் வேண்டும். வழக்கத்தில் அங்கேதான் அது அடைத்துக்கொள்கிறது.

சிடுமூஞ்சிகளையா நியமிப்பது என்பார்கள். மரியாதை எந்தக் கிராணிக்கும் வேண்டியதே. அதைத் தனித் தகுதியாக்குவானேன்? நேர்காணலில் ஒரு வாக்குமூலத்தைக் கொடுத்து, இதில் தொழிலாளி சொல்லாதது எது, எழுதியவர் சேர்த்தது எது என்று கேட்டுப் பார்க்கட்டும். "மனிதரோடு பழகப் பிடிக்குமா?" என்று கேட்டால், பிடிக்காதென்று சொல்ல இதுவரை எந்தப் பிள்ளை வந்திருக்கிறது?