ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் எதைச் சொல்கிறது?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் நிற்காமல் அடுத்தடுத்து முடிக்கும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். 2000-ம் ஆண்டு சிட்னியில் அது ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அங்கே தூரம் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்யும் அமெச்சூர் வீரர்களில் பலர் இந்தத் தூரத்துக்கோ இதில் பாதிக்கோ தயாராகிறார்கள்.

பிரிட்டனில் ஏரித் தண்ணீர் நீந்தும் அளவுக்குக் குளிர் விட மே மாதம் ஆகிவிடும். அதுவரை உள்ளரங்க நீச்சல் குளமும், வீட்டுக்குள் நிறுத்தி மிதிக்கும் சைக்கிளும்தான். மார்ச் மாதம் வந்ததும், குளிர்காலப் பயிற்சி பலன் தந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தோன்றும். மூன்றையும் சேர்த்துச் சோதிக்க அப்போது வழி குறைவு. அதனால் பலர் ஒரு 5 கி.மீ. ஓட்டத்துக்குப் போகிறார்கள். அதற்கு அங்கே நல்ல வசதியும் இருக்கிறது. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹெவிட் 13 பேரை வைத்துத் தொடங்கிய ஓட்டம், இன்று 'பார்க்ரன்' என்ற பெயரில் பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கிறது. கட்டணம் கிடையாது. ஓடுபவர்களின் நேரத்தைக் குறித்துத் தருகிறார்கள்.

குறுகிய தூரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. 5 கி.மீ. ஓடிய களைப்பு சில நாட்களில் தீர்ந்துவிடும். அரை மாரத்தான் ஓடினால் அடுத்த வாரப் பயிற்சியும் கெடும்.

அந்த 20 முதல் 30 நிமிடங்களில் உடலுக்குள் என்ன நடக்கிறது? தேவைப்படும் ஆற்றலில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆக்சிஜனைக் கொண்டு உருவாகிறது. ஆகவே இதயமும் நுரையீரலும் எவ்வளவு ஆக்சிஜனைத் தசைகளுக்குக் கொடுக்க முடியும் என்பதுதான் முதலில் சோதிக்கப்படுகிறது. அடுத்தது லாக்டேட் வரம்பு. வேகம் கூடக்கூடத் தசைகளில் லாக்டேட் என்ற பொருள் அதிகமாக உருவாகும். ஒரு கட்டம் வரை உடல் அதைப் பயன்படுத்தித் தீர்த்துவிடும். அதைத் தாண்டினால் ரத்தத்தில் அது சேரத் தொடங்கும். அந்தக் கட்டமே லாக்டேட் வரம்பு. நன்கு பயின்ற ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம் அது. 5 கி.மீ. ஓட்டம் இந்த வரம்புக்குச் சற்று மேலே நடக்கிறது. அதனால்தான் கடைசிக் கிலோமீட்டர் அவ்வளவு கடினமாக இருக்கிறது.

டிரையத்லான் வீரருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. சைக்கிளும் நீச்சலும் இதயத்தை வலுப்படுத்துகின்றன. அந்த வலு ஓட்டத்துக்கும் உதவும். ஆனால் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசை காலில் இறங்குகிறது. அதைத் தாங்கும் பழக்கம் சைக்கிள் மிதிப்பதால் வராது, ஓடினால்தான் வரும். குளிர்காலத்தில் சைக்கிளில் அதிகமும் ஓட்டத்தில் குறைவும் செலவிட்டவருக்கு மூச்சு நன்றாக இருக்கும். கெண்டைக்கால் முதலில் ஓய்ந்துவிடும். வேறு சிலருக்குக் கால் திடமாக இருக்கும், மூச்சுதான் முட்டும். இருவரும் ஒரே நேரத்தில் முடிக்கக்கூடும். ஆனால் முதலாமவர் ஓட்ட தூரத்தை மெல்லக் கூட்ட வேண்டும். இரண்டாமவருக்கு வேகப் பயிற்சி தேவை. ஆகவே முடித்தவுடன், நேரத்தைப் பார்ப்பதற்கு முன்பே, எது முதலில் கைவிட்டது என்று குறித்துக்கொள்வது நல்லது. என் மதிப்பில் இந்தச் சோதனை தரும் மிகப் பயனுள்ள தகவல் அதுதான்.

நேரத்தையும் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் 1977-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பைவிடச் சற்று அதிகமாகும், சுமார் 2.085 மடங்கு. 5 கி.மீ. தூரத்தை 25 நிமிடத்தில் ஓடியவர், 10 கி.மீ. தூரத்தை ஏறக்குறைய 52 நிமிடத்தில் ஓடுவார் என்று அது சொல்கிறது. அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடமாக இருந்தது சுமார் 5 நிமிடம் 13 நொடியாகிறது. அந்தத் தூரத்துக்கும் அவர் பயிற்சி செய்திருந்தால்தான் இது பொருந்தும்.

இந்த 52 நிமிடம், களைப்பில்லாத காலோடு ஓடும் நேரம். டிரையத்லானில் 40 கி.மீ. சைக்கிள் மிதித்த பிறகுதான் ஓட்டமே தொடங்கும். தசைகளின் எரிபொருளான கிளைக்கோஜன் குறைந்திருக்கும். உடல் சூடேறியிருக்கும். தொடை இறுகியிருக்கும். அலிஸ்டர் பிரவுன்லீ 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது கடைசி 10 கி.மீ. ஓட்டத்தை 29 நிமிடம் 7 நொடியில் முடித்தார். மறு ஆண்டு வசந்தத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 10,000 மீட்டரை மட்டும் தனியாக ஓடியபோது அவருக்கு ஆனது 28 நிமிடம் 32 நொடி. லண்டனின் பூங்காப் பாதையும் ஸ்டான்ஃபோர்டின் ஓடுதளமும் ஒன்றல்ல. லண்டனில் கடைசிச் சில மீட்டர்களை அவர் கொடியேந்தி நடந்தே கடந்தார். இருந்தும் வித்தியாசம் 35 நொடிதான். உலகின் மிகச் சிறந்தவருக்கு அப்படி. பழக்கம் குறைந்த அமெச்சூர் வீரருக்கு இடைவெளி இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். எவ்வளவு என்பதை 5 கி.மீ. ஓட்டம் சொல்லாது. சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடிப் பார்க்கும் 'பிரிக்' பயிற்சியில்தான் அது தெரியும்.

இன்னும் சில சிறிய விஷயங்கள். சேறு, எதிர்க்காற்று, ஏற்றம் எல்லாம் நேரத்தை மாற்றும். முந்தைய நாள் நீண்ட சைக்கிள் பயணம் போயிருந்தால், அளக்கப்படுவது அந்தக் களைப்பும்தான். முதல் கிலோமீட்டரை ஆர்வத்தில் பறந்துவிட்டு கடைசி இரண்டில் தளர்ந்தால், வரும் நேரம் உடல்நிலையைவிட வேகத்தைப் பங்கிட்ட விதத்தையே அதிகம் காட்டும்.

ஆகவே மார்ச் மாத நேரம் ஏமாற்றம் தந்தாலும் கோடைப் போட்டியைப் பற்றி அதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். பயிற்சி வேகங்களை வகுக்க அது போதும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே பாதையில், அதே அளவு ஓய்வுக்குப் பிறகு மீண்டும் ஓடுங்கள். முன்னேற்றம் இருக்கிறதா என்பதை இந்த இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டுச் சொல்லலாம்.