குளிர்சாதனத்தைக் களைவதா?

பழைய அமெரிக்க மோட்டார் வண்டிகளின் குளிர்சாதனத்தைக் கழற்றி எறிந்தால் பாரம் குறையும், இயந்திரத்தின் சக்தியும் மீளும் என்று வாதிக்கும் நண்பர், பாரத்தைப் பற்றிச் சொன்னது மெய்யே. சக்தியைப் பற்றிச் சொன்னதோ அரை மெய், ஏனெனில் விசையை அணைத்த கணமே மின்காந்தக் கிளட்ச் விடுபட்டு, கம்ப்ரஸரின் கப்பி மட்டுமே சுழல்கிறது.

1965-ஆம் ஆண்டு மஸ்டாங்கைப் போல, டாஷ்போர்டின் அடியில் தனியே தொங்கவிடப்பட்ட சாதனமாயின் அவர் யோசனைக்கு ஆட்சேபமில்லை. ஆனால் 1969-ஆம் ஆண்டு கமாரோவில், தொழிற்சாலையிலேயே பொருத்திய குளிர்சாதனமும் உஷ்ண சாதனமும் ஒரே மின்விசிறியையும் ஒரே காற்றுப் பாதையையும் பகிர்ந்துகொள்வதால், ஒன்றைப் பெயர்த்தவர் மற்றதையும், அதனோடு முன்கண்ணாடியின் பனிமூட்டத்தை அகற்றும் வசதியையும் இழந்து, இயந்திர அறைச் சுவரின் துவாரத்தை அடைக்கத் தகடு தேடி அலைவார்.

குளிரூட்டியான ஆர்-12 வாயு அரிதாகிவிட்டது என்பதும் போதிய காரணமன்று: அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995-உடன் நின்றதாயினும், ரப்பர் வளையங்களையும் எண்ணெயையும் மாற்றி, ஆர்-134ஏ வாயுவுக்கு ஏற்பச் சாதனத்தைத் திருத்திக்கொள்ள மார்க்கம் உண்டு. குழாயை அவிழ்த்து எஞ்சிய வாயுவை ஆகாயத்தில் விடுவதோ, ஓசோன் படலத்துக்குத் துரோகம் என்பதோடு, 1992 முதல் அந்நாட்டுச் சட்டத்துக்கும் விரோதம். பழுது பார்க்க அலுப்புற்றவர் அதை அலுப்பென்றே ஒப்புக்கொள்ளட்டும். இயந்திர சாஸ்திரத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.