ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்

டாக்டர் சீட்டில் மருந்து எழுதித் தருகிறாரே, அதற்கு ஆங்கிலத்தில் ‘ப்ரிஸ்க்ரைப்’ என்று பெயர். ‘இதைச் சாப்பிடு’ என்று விதிப்பது. அதில் ‘ஈ’ போய் ‘ஓ’ வந்தால் ‘ப்ரோஸ்க்ரைப்’. ‘இதைத் தொடாதே’ என்று தடுப்பது! கடிதத்தில் மாற்றி எழுதினால் நோயாளிக்கு மருந்தே கிடைக்காது.

இரண்டும் ‘எழுது’ என்னும் ஒரே லத்தீன் சொல்லில் பிறந்தவை. கி.மு. 82-ல் ரோமாபுரியில் ஸுல்லா என்பவன் எதிரிகளின் பெயர்களை எழுதி ஊரறிய வைத்தான். பட்டியலில் பெயர் இருந்தால் தலை போயிற்று. தடை என்ற பொருள் அவ்வழி வந்தது.

நம்மிடமும் உதாரணம் உண்டு. 1928-ல் சென்னை சர்க்கார் பாரதியின் பாட்டுப் புத்தகங்களை ‘ப்ரோஸ்க்ரைப்’ செய்தது. இன்றோ, பள்ளிக்கூடங்களில் அவர் பாட்டுக்களைப் பாடமாக ‘ப்ரிஸ்க்ரைப்’ செய்கிறார்கள். எழுதும்போது அந்த ஓர் எழுத்தைக் கவனியுங்கள், அம்மா!