சிரிப்பை அளந்தவர்கள்

ஹாஸ்யம் தானாகப் பிறக்க வேண்டும், திருத்தித் திருத்திச் செதுக்கினால் செத்துப்போகும் என்று சில மேதாவிகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஜனங்கள் சிரித்த இடத்தைப் பார்த்துத் திருத்துவது வியாபாரமே தவிரக் கலை அல்ல என்பதும் அவர்கள் கட்சி. இதைவிடப் போலியான கட்சி வேறில்லை என்பேன்.

அமெரிக்காவில் 'வாட்வில்' என்றொரு மேடை இருந்தது. பாட்டு, வித்தை, நாட்டியம், ஹாஸ்யம் எல்லாம் சிறு சிறு துண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வரும் கதம்பம். 1932-ல் நியூயார்க் பாலஸ் தியேட்டர் சினிமாவுக்கு இடம் கொடுத்ததோடு அதன் காலம் முடிந்தது என்பார்கள். அந்த மேடையில் ஜோ ஸ்மித், சார்லி டேல் என்ற இருவர் ஒரு டாக்டரையும் நோயாளியையும் வைத்து நடத்திய சிறு நாடகம் அரை நூற்றாண்டு நிலைத்தது. காகிதத்தில் படித்தால் பாதி அசட்டுச் சிலேடை. ஆகவே காகிதம் இதற்கு நீதிமன்றம் அல்ல.

கீத் கம்பெனியின் கொட்டகை மானேஜர்களும் தீர்ப்புச் சொன்னார்கள். வாரந்தோறும் ஒவ்வொரு நிகழ்ச்சியைப் பற்றியும் தலைமை ஆபீசுக்கு அறிக்கை எழுதினார்கள். தங்களுக்கு விரசமாகப் பட்ட வார்த்தையை வெட்டச் சொன்னார்கள். மேடை சுத்தமாயிற்று, சரி. நாடகம் உயர்ந்ததா?

வாட்வில்லில் வளர்ந்த மார்க்ஸ் சகோதரர்கள் வேறு வழி கண்டார்கள். 1935-ல் 'எ நைட் அட் தி ஆபெரா' படம் பிடிப்பதற்கு முன், அதன் காட்சிகளை ஸால்ட் லேக் ஸிட்டி, ஸியாட்டில் முதலிய ஊர்களில் மேடையேற்றிப் பார்த்தார்கள். தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க்கின் ஏற்பாடு அது. சிரிப்பு எங்கே எழுந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று கணக்கெடுத்தார்கள். எடுபடாத வசனம் மாறியது, அல்லது ஒழிந்தது.

இது ஜனங்களுக்கு அடிபணிவதல்லவா என்று கேட்பார்கள். அல்லவே அல்ல. 'இங்கே வலிக்கிறது' என்று மட்டும்தான் கொட்டகை சொல்லும், மருந்து சொல்லாது. வசனம் நீண்டுவிட்டதா, முன்னால் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டோமா, எதிரில் நிற்பவன் அவசரப்பட்டானா என்று நாடி பிடித்துப் பார்ப்பது எழுதியவன் பொறுப்பு. அதற்குப் பெயர்தான் கலை.

நாவல் எழுதும் எங்களுக்கு இந்த வசதி கிடையாது. வாசகர் எந்தப் பக்கத்தில் கொட்டாவி விட்டார் என்பது எங்கள் காதுக்கு எட்டுவதே இல்லை. எட்டாததையே பெருமையாக்கிக்கொண்டு, காதால் கேட்டுத் திருத்தியவனைக் கீழ்ஜாதிக் கலைஞன் என்று ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்?