ஜிம் ஊசியை நிறுத்திய பின்பு...



தனியே நின்று பிள்ளைகளை வளர்த்த தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு குளிசை அட்டையைக் கொண்டுவந்தார். "மிஸி, தம்பியின்ர மேசையில கிடந்தது. இது என்ன மருந்து?" என்று கேட்டார். டமொக்சிபென்! மார்புப் புற்றுநோய் கண்ட பெண்களுக்கு 1970களிலிருந்து கொடுக்கப்படும் மருந்து. மகன் உடம்பு கட்டுவதற்காக ஜிம்மில் ஸ்டீரொயிட் ஊசி போட்டு, இப்போது நிறுத்தியிருக்கிறாராம். அவருக்கு இந்தக் குளிசை எதற்கு?

ஆணின் விதைகள் டெஸ்டஸ்டரோன் என்னும் ஓமோனைச் சுரப்பதும் விந்தணுக்களை உண்டாக்குவதும் மூளையின் கட்டளையால்தான். ஊசி மூலம் ஓமோன் வெளியிலிருந்து வரும்போது மூளை 'போதும்' என்று கட்டளையை நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும். விந்தணுக்கள் குறையும், சிலருக்கு அறவே இல்லாமற் போகும். ஊசியிற் சென்ற ஓமோனில் ஒரு பகுதி பெண் ஓமோனாகிய ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் சில இளைஞருக்கு மார்பும் பருக்கும்.

ஊசியை நிறுத்தியதும் மூளை உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. களைப்பு, எரிச்சல், மனச்சோர்வு, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை என்பன மாதக்கணக்கில் நீடிக்கலாம். மூளை 'போதும்' என்று கணக்கிடுவது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜனின் அளவை வைத்துத்தான். டமொக்சிபென், குளோமிபென் ஆகிய குளிசைகள் அந்த ஈஸ்ட்ரோஜனை மூளை உணராதபடி தடுக்கின்றன. ஓமோன் குறைந்துவிட்டதென்று எண்ணி மூளை மீண்டும் கட்டளை அனுப்பத் தொடங்கும். பிள்ளைப்பேற்றுக்காகப் பெண்களுக்குக் கொடுக்கப்படுவதும் இதே குளோமிபென்தான்.

ஆனால் நண்பர் சொன்னாரென்று வாங்கி விழுங்கும் மருந்தல்ல இது. டமொக்சிபென்னால் கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். அது நுரையீரலுக்குச் சென்றால் உயிராபத்து. குளோமிபென்னால் பார்வை பாதிக்கப்படலாம். பலருக்கு ஊசியை நிறுத்தினாலே உடல் மெல்ல மெல்லத் தேறும். அதற்கு ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் செல்லும். மருந்து தேவையா என்பதை இரத்தப் பரிசோதனையின் பின் வைத்திய நிபுணரே தீர்மானிக்க வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஏசாதீர்கள். ஏசினால் மறைப்பார்கள். என்ன ஊசி, எவ்வளவு காலம் என்பதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லச் செய்யுங்கள்.

2. ஊசியை விட்ட பின் மகனோ கணவரோ ஒதுங்கியிருந்தால், வாழ்வே வேண்டாமென்று பேசினால், தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

3. தொய்வுக்கும் மூட்டு வாதத்துக்கும் வைத்தியர் தரும் பிரெட்னிசொலோன் வேறு வகை ஸ்டீரொயிட். பயந்து அதைத் திடீரென நிறுத்தக் கூடாது.

4. பிள்ளையில்லையென்றால் நமது ஊர்களில் பழி விழுவது பெண்ணின் மேல். நேர்த்திக்கடன் வைப்பவளும் பரிசோதனைகளுக்கு அலைபவளும் அவளே. விந்துப் பரிசோதனை எளிது, நோவில்லாதது. அதை முதலிலேயே செய்யச் சொல்லிக் கேளுங்கள். மாமியாராக இருப்பவர்கள் இதை மகனிடம் எடுத்துச் சொன்னால், மருமகளுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.