ஆகாயத்தில் தரவு மையமா?

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்திற்குக் கொப்பரையும் நெய்யும் திரியும் மனிதர் தோளிலேயே 2,668 அடி உயரம் ஏறுகின்றன. ஒரு தீபத்திற்கே இத்தனை பிரயாசை. இப்பொழுதோ கணிப்பொறிகள் நிறைந்த டேட்டா சென்டர்களை, அதாவது தரவு மையங்களையே, ஆகாயத்தில் ஏற்றிவிடலாமென்று அமெரிக்கக் கம்பெனிகள் பிரஸ்தாபிக்கின்றன. கூகிள் கம்பெனி 2025 நவம்பரில் வெளியிட்ட திட்டப்படி, 2027-ம் வருஷத் தொடக்கத்திற்குள் பரீட்சார்த்தமாக இரண்டு செயற்கைக் கோள்கள் செல்லவேண்டும். அங்கே மேகமில்லை, இரவில்லாத பாதையும் உண்டு, குளிர்விக்க ஜலமும் வேண்டாம் என்பது இத்தகைய திட்டக்காரர் வாதம்.

2019-ல் சென்னை ஏரிகள் வற்றி ஜனங்கள் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றதை அறிந்த நமக்கு இவ்வாதம் இனிக்கவே செய்யும். ஆயினும் நேயர்கள் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும்.

ஆகாயம் குளிர்ந்ததென்று எண்ணுவது பிசகு. எரிந்து ஓய்ந்த தீபக் கொப்பரையை மலைக்காற்று ஆற்றிவிடுகிறது. விண்வெளியிலோ காற்றே இல்லை; யந்திரத்தின் உஷ்ணம் கதிராக வீசியே கழியவேண்டும். 1 மெகாவாட் மின்சாரம் செலவிடும் கணிப்பொறிகளுக்கு, 27 டிகிரி உஷ்ணத்தில் இருபுறமும் கதிர்வீசும் தகடு ஏறக்குறைய 1,200 சதுர மீட்டர் வேண்டும். மின்சாரம் தரும் சூரியத் தகடுகள் இன்னும் 2,400 சதுர மீட்டருக்குக் குறையா. பூமியில் எழும் பெரிய மையங்களோ நூற்றுக்கணக்கான மெகாவாட் கேட்கின்றன. சுமார் 420 டன் எடையுள்ள சர்வதேச விண்வெளி நிலையத்தின் மின்சாரம் 1 மெகாவாட்டில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. நம் எல்.வி.எம்.3 ராக்கெட் 2025 டிசம்பர் 24-ந் தேதி ஏற்றிய பாரம் சுமார் 6,100 கிலோ. பழுதானால் அங்கே சென்று மாற்ற ஆளுமில்லை. கிலோவுக்கு 200 டாலராக ஏற்றுகூலி இறங்கினால்தான் கணக்குக் கட்டுமென்று கூகிள் ஆராய்ச்சியாளரே எழுதியிருக்கின்றனர். அதுவும் 2035-ஐ ஒட்டியாம். ஆகவே சிறுசேரி மையங்கள் ஆகாயத்திற்குக் குடிபெயருமென்று காத்திராமல், அவை நல்ல ஜலத்தை விட்டுச் சுத்திகரித்த கழிவுநீரையே உபயோகிக்க வேண்டுமென்று சர்க்கார் இன்றே விதிப்பது உத்தமம்.

மற்றொரு விஷயம். 1967-ம் வருஷத்து விண்வெளி உடன்படிக்கைப்படி, எந்நாடு ஒரு கோளைப் பதிவு செய்கிறதோ அந்நாட்டிற்கே அதன்மேல் அதிகாரம். நம் தலைக்கு மேலே சுற்றினாலும் அந்நியக் கோளிலுள்ள நம் தகவல்கள் அந்நியச் சட்டத்திற்கே உட்பட்டவை. சொந்த வீட்டுப் பத்திரத்தைப் பிறர் பெட்டியில் பூட்டிவிட்டு, சாவியையும் அவரிடமே கொடுப்பாருண்டோ?

இதனால் ஆகாயத்தில் கணக்கிடுவதே வீண் என்பது நம் அபிப்பிராயமன்று. மையம் வேறு, சிறு கணிப்பொறி வேறு. கோள் எடுத்த படத்தை அங்கேயே ஆராய்ந்து முடிவை மட்டும் இறக்குவது கைகூடும் காரியம். 2024 டிசம்பர் 30-ல் சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் ஹைதராபாத் கம்பெனியொன்று இதைப் பரீட்சித்தது. சீனா 2025 மே மாதத்தில் 12 கோள்களை ஒருசேர ஏற்றிவிட்டது.

2024 டிசம்பர் 1-ந் தேதி, பெங்கல் புயல் மழையில் இதே அண்ணாமலைச் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து 7 உயிர்கள் மாண்டன. அவ்வாண்டு மகாதீபத்தன்று பக்தர் மலையேறத் தடை வந்தது. நிலத்தின் நுண்ணிய அசைவை அளக்கும் நிசார் கோள் 2025 ஜூலை 30 முதல் விண்ணில் இருக்கிறது. அதன் தகவல் வெள்ளமோ தரைக்கு வந்தே ஆராயப்பட வேண்டும். கோளிலேயே முதல் ஆராய்ச்சி நடக்குமானால், மழைநாளில் சில மணி நேரமாவது மிஞ்சும். சரிவை அது நிச்சயமாக முன்னறியுமென்று நாம் சொல்லவில்லை. ஆட்களை வெளியேற்றச் சில மணி நேரமும் பெரிதே.

இத்தகைய சிறு கோள்களுக்கு எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் 500 கிலோ சக்தி போதும். அதற்கென்றே குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து எழும் முதற்கோள்களில் ஒன்றையேனும், கணிப்பொறியோடு, நம் மலைச்சரிவுகளையும் ஏரிக்கரைகளையும் பார்க்க ஒதுக்கும்படி இஸ்ரோவை நம் பிரதிநிதிகள் பார்லிமெண்டில் கேட்கவேண்டும்.